டாங்கி மாடலில் பீரங்கிக் குழாய்க்கு வெதரிங்: முனையில் எவ்வளவு கரி?

#1 · புதுபிரஷ்

எல்லோருக்கும் வணக்கம். 1/35 அளவில் டைகர் I (இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கி) ஒன்றை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். உடல், டிராக், சக்கரம் எல்லாம் திருப்தியாக வந்துவிட்டன. பீரங்கிக் குழாயின் வெதரிங்கில், அதாவது ஓடிப் பழகிய டாங்கி போல அழுக்கும் தேய்மானமும் காட்டும் வேலையில்தான் மாட்டிக்கொண்டேன்.

செய்தது இதுதான். டார்க் யெல்லோ அடித்து, மேலே பச்சையும் செம்பழுப்பும் பட்டைகளாகப் போட்டு, மேட் வார்னிஷ் கொடுத்தேன். அப்புறம் மசில் பிரேக்கில் (குழாய் முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும், பக்கத்திறப்புள்ள பகுதி) தொடங்கிப் பின்னால் 4 செ.மீ. தூரத்துக்கு ஏர்பிரஷ்ஷில் கறுப்பு ஊதினேன். குழாயின் நடுவில் நீலமும் ஊதாவும் கலந்த லேசான சாயம். பைக் சைலன்சரில் சூட்டுக்கு வருமே, அந்த மாதிரி. விளிம்புகளில் வெள்ளி நிறத்தில் ட்ரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் தடவல்). கடைசியாக ஸ்பாஞ்சால் துருப்புள்ளிகள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது. மொத்தமாகப் பார்க்கும்போது அது டாங்கியின் குழாயாகவே தெரியவில்லை, அடுப்பிலிருந்து எடுத்த கம்பி மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருக்கிறேன்.

#2 · உப்புத்தாள்

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஊதிய 4 செ.மீ. கறுப்பு நிஜ டாங்கியில் 140 செ.மீ. டைகரின் பீரங்கி 88 மி.மீ., எல்/56. அதாவது 88-ஐ 56-ஆல் பெருக்கினால் வரும் நீளம், ஏறத்தாழ 4.9 மீட்டர். அதில் கால்வாசிக்கு மேல் கரி படிந்திருக்கிறது என்று உங்கள் மாடல் சொல்கிறது. அவ்வளவு தூரம் கரி பின்னால் வராது.

எந்த அடையாளத்தைப் போடும் முன்பும் 35-ஆல் பெருக்கிப் பார்ப்பது என் பழக்கம். ஸ்பாஞ்சில் விழும் அரை மி.மீ. புள்ளி நிஜத்தில் 17.5 மி.மீ. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே குழாயில் அப்படி நாற்பது இடத்தில் பெயர வேண்டிய அவசியமே இல்லை.

#3 · மேன்ட்லெட்

புதுபிரஷ், உங்கள் கை நன்றாகவே வேலை செய்கிறது, அதில் குறை இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். கரி, சூட்டுச் சாயம், வெள்ளி, துரு என்று நான்கு எஃபெக்ட்களைக் குழாயின் மேல் அடுக்கியிருக்கிறீர்கள். அவை அங்கே எப்படி வந்தன என்ற கேள்வி கேட்கப்படவில்லை. குழாயைத் தொடுவதற்கு முன் நான் இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்வேன். வாயு எங்கே போகிறது? கை எங்கே படுகிறது? குழாயில் தெரியும் எல்லா அழுக்கும் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் வருகிறது.

முதலில் வாயு. குண்டு முனையை விட்டு வெளியேறும்போது பின்னாலேயே வரும் வாயு மசில் பிரேக்கின் உள்சுவரில் மோதுகிறது. டைகருக்கு அடுத்தடுத்து இரண்டு அறைகள் உள்ள பிரேக். வாயு முன்னோக்கி வருவதால் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கச் சுவரில்தான் அறைகிறது, அதாவது டரட்டைப் (டாங்கியின் மேலே சுழலும் கூண்டை) பார்த்திருக்கும் முகத்தில். அங்கே மோதித் திரும்பி, பக்கவாட்டுத் திறப்புகள் வழியாக வெளியே பாய்கிறது. ஆகவே கரி அடர்த்தியாக இருக்க வேண்டிய இடம் அந்த உள்முகம். அடுத்தது திறப்புகளின் ஓரம். குழாயின் வெளிப்புறத்தில் பிரேக்குக்குப் பின்னால் வருவது மெல்லிய நிழல் மட்டும்தான். 1/35-ல் 5, 6 மி.மீ. தாண்டினால் எனக்கு உறுத்தும்.

நிறத்தையும் கவனியுங்கள். பீரங்கியில் எரிவது பழைய காலத்துக் கரிமருந்து கிடையாது. புகையற்ற வெடிமருந்து விட்டுப்போகும் படிவு சாம்பலும் பழுப்பும் கலந்த அடர்நிறம். சுத்தக் கறுப்பு ஊதினால் அது பெயின்ட்டாகவே தெரியும். என் கலவை: டாமியா எக்ஸ்எஃப்-1 கறுப்பு ஒரு துளி, எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு ஒரு துளி, தின்னர் பன்னிரண்டு துளி. அழுத்தத்தைக் குறைத்து, தூரத்திலிருந்து ஒரு ஊது. காயட்டும். மறு ஊது. மூன்றாவது தேவையா என்று அரை மணி நேரம் கழித்து யோசியுங்கள். ஈரத்தில் தெரியாத கறுப்பு காய்ந்த பிறகு மேலே வரும். உள்முகத்துக்கு ஏர்பிரஷ் வேண்டாம். நுனி தேய்ந்த பழைய பிரஷ்ஷில் கறுப்பு பிக்மென்ட் பொடியைத் தொட்டு உள்ளே குத்திக் குத்தி வையுங்கள். ஃபிக்சர் (பொடியை ஒட்டவைக்கும் திரவம்) ஊற்றாதீர்கள், காயும்போது வட்டமாகக் கறை கட்டும்.

இப்போது கை. இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சுட்டு முடித்த குழாயை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். துண்டு துண்டாகப் பூட்டிய நீளமான கம்பின் தலையில் பிரஷ் மாட்டி, முனை வழியாக உள்ளே விட்டு, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் தள்ளிச் சுத்தம் செய்வார்கள். அப்புறம் எண்ணெய் தடவுவார்கள். அந்தக் கம்பு முனையின் கீழ் உதட்டில்தான் உரசும். எண்ணெயும் அழுக்கும் அங்கேதான் வழியும். எனவே குழாயில் உலோகம் மினுங்குவதற்கு நியாயமான ஒரே இடம் அந்த உதட்டின் உள் ஓரம். எண்ணெய்க் கறைக்கு நியாயமான இடம் அதற்குச் சற்றுக் கீழே. ஒரு துளி. இரண்டாவது துளி வைக்க எனக்கும் கை துறுதுறுக்கும், வைக்காமல் விடுவதே நல்லது.

வேலை இல்லாத நேரத்தில் முனைக்குக் கான்வாஸ் உறை மாட்டிக் கட்டுவார்கள். அந்த உறை மூடியிருந்த பகுதியில் தூசி படியாது. மற்ற இடமெல்லாம் தூசியேறியிருக்கும்போது முனை மட்டும் சுத்தமாக இருப்பது மாடலில் ரொம்ப அழகாக இருக்கும். செய்பவர்கள் குறைவு.

#4 · ஏழாம்பூச்சு

மேன்ட்லெட் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாடலை நாம் பார்ப்பது ஒன்றரை அடி தூரத்திலிருந்து, வீட்டு வெளிச்சத்தில். டாங்கியில் கண் முதலில் போகிற இடம் குழாய்தான். அதில் ஒரு அழுத்தம் இல்லாவிட்டால் எவ்வளவு சரியாகச் செய்தாலும் பொம்மையாகத்தான் தெரியும். நான் முனையைக் கொஞ்சம் கூடுதலாகவே கறுப்பாக்குவேன். நிஜத்தில் இருக்கிறதா என்பதைவிட, பார்ப்பவருக்கு "இது சுட்டிருக்கிறது" என்று உடனே தோன்ற வேண்டும். மேடை நடிகர் முகத்தில் பூச்சு கூடுதலாக இருப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான்.

நீலச் சாயமும் அளவோடு இருந்தால் எனக்குச் சம்மதம். சூடான உலோகம் நிறம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

#5 · உலைக்களம்

நான் டாங்கி மாடல் ஆள் இல்லை, கப்பல் செய்பவன். ஆனால் பல வருஷம் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் எஃகோடு வேலை பார்த்தவன் என்பதால் இந்த நீலம் பற்றி மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எஃகைச் சூடாக்கினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அதன் கனத்தைப் பொறுத்து நிறம் தெரிகிறது. சாதாரண எஃகில் 220, 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சள் வரும். அப்புறம் பழுப்பு, ஊதா. 300-ஐ நெருங்கும்போது நல்ல நீலம். இதெல்லாம் பளபளப்பாகச் சுத்தம் செய்த வெற்று உலோகத்தில். பெயின்ட் அடித்த எஃகில் இந்த நிறங்கள் வெளியே தெரிய வழியே இல்லை. வெளிப்பரப்பு 300 டிகிரிக்குப் போவதற்குள் சாதாரணப் பெயின்ட் கொப்பளித்துக் கருகியிருக்கும்.

இன்னொன்று. குழாய் அந்தச் சூட்டுக்கு வந்தால் உள்ளே இருக்கும் குண்டு, சுடாமலே சூட்டில் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கெல்லாம் முன்பே நிறுத்திவிடுவார்கள். டாங்கிக் குழாய் என்பது கனமான எஃகு. சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதில் நிறைய இடம் இருக்கிறது. சைலன்சர் மெல்லிய தகடு, அதன் வழியாகச் சூடான வாயு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

டைகரில் எத்தனை குண்டு ஏற்றுவார்கள்?

#6 · மேன்ட்லெட்

உலைக்களம் ஐயா, மிக்க நன்றி. இத்தனை வருஷம் எனக்குப் பாதி புரிந்திருந்த விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டீர்கள்.

டைகர் I-ல் 92 குண்டு. ஒரே மூச்சில் அத்தனையும் சுட மாட்டார்கள். இன்றைய லெப்பர்ட் 2-ல் 42, எம்1ஏ1 ஏப்ரம்ஸில் 40, சோவியத்தின் ஐஎஸ்-2-ல் வெறும் 28. மணிக்கணக்கில் தொடர்ந்து சுடும் ஆர்ட்டிலரி பீரங்கியோடு ஒப்பிட்டால் டாங்கி சுடுவது குறைவு.

நீலம் போட்டே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் இயந்திரத் துப்பாக்கி இருக்கிறது. மெல்லிய குழாய், பெயின்ட் இல்லாத எஃகு, நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் தோட்டா. சூடேறிய குழாயைக் கழற்றி மாற்றுவதற்கென்றே உதிரிக் குழாய் கூடவே வரும். டரட் மேல் ஒரு உதிரிக் குழாயை வைத்து, அதில் லேசாகப் பழுப்பும் நீலமும் காட்டினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஏழாம்பூச்சு, அழுத்தம் வேண்டும் என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அதற்குக் கரியைக் கூட்ட வேண்டியதில்லை, வரலாற்றிலேயே வேறு வழி இருக்கிறது. 1944-45 புகைப்படங்களைப் பாருங்கள். சில ஜெர்மன் டாங்கிகளில் உடல் மஞ்சளாக இருக்க, குழாய் மட்டும் அடர்சாம்பலாக நிற்கும். வெப்பம் தாங்கும் அடர்சாம்பல் பூச்சோடு வந்த குழாய்கள், மேலே உருமறைப்பு நிறம் அடிக்க நேரமில்லாமல் அப்படியே போர்முனைக்குப் போயின. குழாய்க்கு ஆயுள் உண்டு, தேய்ந்தால் மாற்றுவார்கள். மசில் பிரேக்கையும் தனியாக மாற்றலாம். மூன்று நிறப் பட்டை போட்ட டைகரில் பிரேக் மட்டும் சாம்பலாகவோ, ஒரே மஞ்சளாகவோ இருந்தால் அங்கேயே ஒரு கதை வந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டிய அழுத்தமும் கிடைக்கிறது.

சாம்பலுக்கு எக்ஸ்எஃப்-63 எடுத்துக் கொஞ்சம் எக்ஸ்எஃப்-69 கலந்தால் போதும்.

#7 · ஏழாம்பூச்சு

பிரேக் மட்டும் வேறு நிறம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த பாந்தரில் செய்து பார்க்கிறேன். கரி விஷயத்தில் இன்னும் என் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் 4 செ.மீ. அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#8 · புதுபிரஷ்

எல்லோருக்கும் நன்றி. நீலத்தை விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கிட்டில் வந்த பிளாஸ்டிக் குழாய் இரண்டு பாதியாக ஒட்டுவது. அதைக் கழற்றிவிட்டு, கடைந்த அலுமினியக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது அலுமினியத்தோடு ஒட்டாமல் பெயின்ட் பட்டையாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்த அலுமினியத்தை "இதுதான் நிஜமான சிப்பிங்" (பெயின்ட் பெயர்ந்த அடையாளம்) என்று அப்படியே விட்டு வைக்கலாமா?

#9 · உப்புத்தாள்

விடாதீர்கள். அலுமினியத்தின் வெள்ளை வேறு, பீரங்கி எஃகின் நிறம் வேறு. எஃகு வெளியே தெரிந்தால் சீக்கிரமே மங்கி அடர்பழுப்புச் சாம்பலாகிவிடும்.

பெயின்ட் பெயர்ந்ததற்குக் காரணம் கடைசல் எண்ணெய். கடைந்த குழாயில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு இருக்கும். எனக்கும் இது நடந்தது. மூன்று நாள் வேலை டேப்போடு சேர்ந்து வந்தது. இப்போது முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பு, அதன் பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் மிக லேசாக ஒரு தேய்ப்பு. அதற்கு மேல் லாக்கர் வகை பிரைமர். அக்ரிலிக் பிரைமர் உலோகத்தில் எனக்கு நின்றதில்லை. பிரைமர் அடித்தபின் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். கையால் தொடாமல் பின்பக்கத்தில் பல்குச்சி செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வாஷ் (நீர்த்த அடர்வண்ணப் பூச்சு) கொடுக்கும்போதும் அது உதவும்.

பிளாஸ்டிக் குழாயையே வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டின கோட்டை நேராகத் தேய்த்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். வாஷ் போட்டதும் அந்தத் தட்டை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். உப்புத்தாளைப் பட்டையாக வெட்டிக் குழாயைச் சுற்றி, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள்.

#10 · நவீனன்

நான் இன்றைய டாங்கிகள் மட்டும் செய்பவன். இரண்டாம் உலகப்போர் முறையை அப்படியே கொண்டுவந்து நவீனக் குழாயில் போடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அதனால் சொல்கிறேன்.

லெப்பர்ட் 2, ஏப்ரம்ஸ், சேலஞ்சர் எதை எடுத்தாலும் வெளியே தெரிவதில் பெரும்பகுதி குழாயே இல்லை, அதன் மேல் மாட்டிய வெப்ப உறை. வெயில் ஒரு பக்கமும் மழை மறுபக்கமும் பட்டால் குழாய் மயிரிழை அளவு வளையும். குறி தவற அது போதும். அதைத் தடுக்கத்தான் இந்த உறை. லெப்பர்ட் 2-ன் உறை கண்ணாடியிழைப் பிளாஸ்டிக். அதில் வெள்ளிக் கீறலும் துருவும் போட்டால் தப்பு. பெயின்ட் உரிந்த இடத்தில் மங்கலான வேறொரு நிறம் தெரியலாம், அவ்வளவுதான். பிரிட்டனின் சீஃப்டனில் உறை துணி போலச் சுற்றி, வார்களால் கட்டியிருக்கும். அங்கே சிப்பிங்குக்கே இடமில்லை. மடிப்புகளில் தூசியைத் தேக்குங்கள், வார்களின் ஓரத்தில் அழுக்கு கட்டட்டும், வார் மட்டும் ஒரு சாயல் வேறு நிறமாக இருக்கட்டும்.

புகை வெளியேற்றி என்று குழாயில் ஒரு தடிப்பு இருக்குமே, அதன் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டி-55-ல் முனையிலேயே இருக்கும், டி-62-ல் குழாயின் நடுவாக்கில். சுத்தம் செய்ய அதைக் கழற்றி மாட்டுவார்கள். எனவே அதன் இணைப்பு விளிம்பில் எண்ணெய் கசிவும் கைபட்ட தேய்மானமும் நியாயம். மசில் பிரேக் இல்லாத குழாய்கள் இவை. வாயு நேராக முன்னால் போய்விடும். முனையின் முகப்பில் ஒரு மெல்லிய வளையம் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. ஏப்ரம்ஸ், சேலஞ்சர் மாதிரியானவற்றில் முனைக்கு மேல் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். குழாய் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளக்க உதவும் கண்ணாடி அதில் இருக்கிறது. அதை அழுக்காக விட்டால் வேலைக்கு ஆகாது. முனை முழுக்கக் கரியடித்து, அந்தப் பெட்டியின் முகப்பையும் சேர்த்து மூடிவிடாதீர்கள்.

#11 · எழுபத்திரண்டு

1/72-ல் 88 மி.மீ. துளை என்பது 1.2 மி.மீ. அதில் ஊதுவது என்ற பேச்சே கிடையாது. முனைத் துளைக்குள் அடர்பழுப்பு வாஷ் ஒரு சொட்டு, பிரேக் திறப்புகளில் அதே வாஷ். நிறுத்திவிடுவேன். சின்ன அளவில் சுத்தக் கறுப்பு துளையை ஓட்டையாகக் காட்டாமல் ஒட்டிய பொட்டாகக் காட்டும், அடர்பழுப்பு அப்படிச் செய்யாது.

#12 · ஏழாம்பூச்சு

வெளிச்சம் பற்றி ஒரு கேள்வி, மேன்ட்லெட்டுக்கு. உடலில் தட்டையான பரப்புகளை மேலே வெளிறலாகவும் கீழே அடர்த்தியாகவும் அடிக்கிறோம். குழாயிலும் மேல்பக்கம் நீளமாக ஒரு வெளிறல் கோடு இழுக்கிறேன். படத்தில் நன்றாக இருக்கிறது, கையில் எடுத்துத் திருப்பினால் ஏனோ ஒட்டவில்லை.

#13 · மேன்ட்லெட்

குழாய் உருண்டை. உருண்டைக்கு வெளிச்சக் கோடு தானாகவே விழும், நீங்கள் திருப்பினால் அதுவும் நகரும். நீங்கள் வரைந்த கோடு நகராது. இரண்டு கோடும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. புகைப்படத்துக்கு விளக்கு ஒரே இடத்தில் இருப்பதால் ஒட்டிப்போகிறது.

அதற்குப் பதில் தூசியை வைத்து அதே காரியத்தைச் செய்யலாம். தூசி மேலே இருந்து படிகிறது. எனவே குழாயின் முதுகில் மங்கலாக ஒரு படலம், ஓரங்களில் கரைந்துபோவது போல். பளபளப்பு அடங்குவதால் நிஜ வெளிச்சமும் அங்கே மென்மையாகும்.

மழையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அநேகமாக எல்லோரும் தவறுகிற இடம் இது. உடலின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழே கோடு இழுத்த அதே கை, குழாயில் நீளவாக்கில் கோடு இழுத்துவிடுகிறது. குழாய் படுத்திருக்கிறது. அதன் மேல் விழும் தண்ணீர் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி, அடிவயிற்றில் சேர்ந்து, அங்கேயே சொட்டும். அப்படியானால் கறைகள் குழாயைச் சுற்றி வளைந்து இறங்க வேண்டும், அடியில் அழுக்கு சேர வேண்டும். குழாய் கொஞ்சம் தூக்கி நின்றிருந்தால் அடிப்பக்கமாகவே மேன்ட்லெட்டை (டரட்டின் முன்னால் குழாய் புறப்படும் இடத்துக் கவசத்தை) நோக்கித் தண்ணீர் ஊர்ந்து போகும். முனை தாழ்ந்திருந்தால் முனையை நோக்கி. ஆக, நீளவாக்கில் கறை இருக்கலாம், ஆனால் அடிப்பக்கத்தில் மட்டும். மாடலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை என்று நினைத்து அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் பார்க்கும்போதே அந்த அடர்த்தி குழாய்க்கு ஒரு கனத்தைக் கொடுக்கும்.

நான் செய்யும் விதம்: பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தை அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுவேன். எண்ணெயை அட்டை குடித்துவிடும், வண்ணம் மேட்டாக நிற்கும். ஊசி முனையளவு மூன்று நான்கு புள்ளிகள் குழாயின் தோளில். ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்துவிட்ட பிரஷ்ஷால் தோளிலிருந்து அடி நோக்கி வளைத்து ஒரே இழுப்பு. அடுத்த புள்ளிக்குப் போகும் முன் பிரஷ்ஷைத் துடைக்க வேண்டும். ஒரு நாள் கழித்துத் திரும்பிப் பார்த்து, கண்ணில் படுகிற கோடுகளில் பாதியை அழித்துவிடுவேன்.

இன்னொரு இடமும் உண்டு. சுடும்போது குழாய் பின்வாங்குகிறது, பல டாங்கிகளில் ஒரு அடிக்குக் கூடக்குறைய. டைகரில் மேன்ட்லெட்டோடு நிலையாக நிற்கும் உறைக்குள் குழாய் போய்வருகிறது. அந்த வாயில் கிரீஸ் கசியும், கிரீஸில் தூசி ஒட்டும். பளபளப்பு இல்லாத கறுப்புப் பழுப்பு வளையமாக, அரை மி.மீ. அகலத்தில் காட்டுங்கள். கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் குழாய் அசையக்கூடியது என்று உணர்த்திவிடும்.

#14 · உப்புத்தாள்

கை படும் இடங்களில் டிராவல் லாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்தில் குழாய் ஆடாமல் கவ்விப் பிடிக்கும் பிடி அது. ஷெர்மனில் முன்பக்கச் சரிவில் இருக்கும். அதன் ஒரு வகையான, நீளமான 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஃபயர்ஃபிளையில் டரட்டைப் பின்னால் திருப்பி இன்ஜின் மேல் பூட்டுவார்கள். பிடி கவ்வும் இடத்தில் குழாயைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்த ஒரு பட்டை இருக்கும். கிராஃபைட் பென்சிலைக் காகிதத்தில் தேய்த்து, அந்தப் பொடியை விரல் நுனியில் எடுத்து ஒரே ஒரு தடவல். குழாயில் நான் உலோக மினுக்கம் காட்டுவது முனை உதட்டிலும் இங்கேயும்தான்.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை மரத்திலும் சுவரிலும் இடிக்கும். அங்கே பக்கவாட்டில் நீளவாக்குக் கீறல் ஒன்றிரண்டு நியாயம். அது பெயின்ட்டின் மேல்பூச்சை மட்டும் எடுக்கும் மெல்லிய கீறல். அடிப்படை நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து மிக மெல்லிய பிரஷ்ஷால் போடுங்கள்.

#15 · புதுபிரஷ்

பத்து நாள் கழித்து வருகிறேன்.

பழைய பூச்சு முழுவதையும் கழற்றினேன். அலுமினியக் குழாயை உப்புத்தாள் சொன்னபடி சோப்பு, ஆல்கஹால், லேசான தேய்ப்பு, லாக்கர் பிரைமர். இந்த முறை டேப்பை எடுக்கும்போது எதுவும் பெயரவில்லை. மசில் பிரேக்கை மட்டும் அடர்சாம்பலாக விட்டேன், மற்றதற்கு மூன்று நிறப் பட்டை.

கரியை முதலில் ஒரு ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் ஊதிப் பழகினேன். பன்னிரண்டு துளி தின்னர் கலந்தபோது ஒன்றுமே விழவில்லை என்று நினைத்து இரண்டாவது, மூன்றாவது ஊது ஊதினேன். கால் மணி நேரத்தில் ஸ்ப்ரூ கறுப்பாகிவிட்டது. காய்ந்த பிறகு மேலே வரும் என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. நிஜக் குழாயில் இரண்டே ஊது. பிரேக்குக்குப் பின்னால் 5 மி.மீ. வரை, அதுவும் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத அளவுக்குத்தான்.

பிரேக்கின் உள்முகங்களில் பிக்மென்ட் குத்தி வைத்தேன். இரண்டு அறையிலும் டரட்டைப் பார்த்த பக்கம் மட்டும். இப்போது சாய்வாக முன்னாலிருந்து பார்த்தால் கரியே தெரியவில்லை. பின்னாலிருந்து, டரட் பக்கமாகச் சாய்ந்து பார்த்தால் மட்டும் உள்ளே கறுப்பாகத் தெரிகிறது. இது சரிதானா?

மழைக் கறை நான்கு போட்டேன், இரண்டை அழித்துவிட்டேன். கிரீஸ் வளையம் போட்டாயிற்று. வெள்ளி, துரு இரண்டும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. குழாயில் வெள்ளை வெற்றி வளையங்கள் (வீழ்த்திய எதிரி டாங்கிகளின் கணக்கு) போட நினைக்கிறேன். இப்போது மேலே போடலாமா?

#16 · மேன்ட்லெட்

சரியேதான். சாய்ந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரிவதுதான் உங்கள் வேலையின் அழகு. படம் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது.

வளையங்களை இப்போது மேலே போட்டால் மழைக்கும் தூசிக்கும் பிறகு நேற்று வரைந்தது போல நிற்கும். முன்பே போட்டிருக்க வேண்டியது. ஆனால் கெட்டுப்போகவில்லை. வீரர்கள் சண்டை முடிந்தபின் கையால் பிரஷ் பிடித்துத்தான் போட்டார்கள், கடைசி வளையம் புதிதாக இருப்பது நியாயம். எனவே டெக்கால் (ஒட்டும் அச்சுப்படம்) வேண்டாம், பிரஷ்ஷால் வரையுங்கள். சுத்த வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, அகலம் லேசாக ஏறி இறங்கட்டும். காய்ந்தபின் பழைய வளையங்களின் மேல் மட்டும் தூசியை ஒரு தடவை கொண்டுவாருங்கள். முனைக்கு அருகே உள்ள கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

#17 · ஏழாம்பூச்சு

இதைப் படித்துவிட்டு என் ஃபயர்ஃபிளையை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதன் நீளமான குழாயை எதிரி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, முன்பாதியின் அடிப்பக்கத்தை அலைபோன்ற ஓரத்தோடு வெளிர்நிறமாக அடித்திருப்பார்கள். குட்டையான 75 மி.மீ. குழாய் மாதிரி தோன்ற வேண்டும் என்று. நான் அதை அழகாக வரைந்துவிட்டு, அதன் மேலேயே 3 செ.மீ. கரி ஊதியிருக்கிறேன். எதை மறைக்க அந்த வெளிர்நிறமோ, அந்தக் குழாயைக் கரி மறுபடி எடுத்துக் காட்டுகிறது. குழாயை இன்று ஆல்கஹாலில் போட்டுவிட்டேன். புதுபிரஷ், உங்கள் பிரேக்கின் உள்பக்கத்தைப் பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று போட முடியுமா?

#18 · புதுபிரஷ்

நாளை பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன் அண்ணா. முனையின் கீழ் உதட்டில் அந்த ஒரு எண்ணெய்த் துளியையும் இன்று இரவு வைத்துவிடுகிறேன், படத்தில் அதுவும் இருக்கட்டும்.